இருமலும் உடற்காவலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர் பெருமக்கள் பேசிய மேடையில் இரயில்வே எழுத்தர் ஒருவர்க்கு என்ன வேலை என்று தாங்கள் எண்ணக்கூடும். எம் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது, மருத்துவம் பயின்றோமில்லை. ஆயினும் ஆறு திங்கள் ஒரு நோயோடு குடித்தனம் நடத்தியவர்க்கு அந்நோயைப் பற்றிச் சில சொற்கள் சொல்லும் உரிமை உண்டு என்று கருதி இங்கு நிற்கின்றோம்.

சென்ற ஆண்டு விழாவிற்கு யாம் வரவில்லை. இரவுப் பணி என்று செயலாளரிடம் சொல்லியனுப்பினோம். அது பொய். எமக்குக் காசநோய் கண்டிருந்தது. ஊரில் முதியோர் அதனை எலும்புருக்கி என்பர். அப்பெயரை வாய்விட்டுச் சொல்லவே அஞ்சினோம். எம் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இவ்வவையில் அமர்ந்திருப்போருள்ளும் எம் போல் மறைத்தவர் இருக்கலாம். ஆகவே இன்று மறையாது பேசுகின்றோம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் தில்லியில் இருமாதார் யார்? புகைமூட்டம் கவிந்து கதிரவனே மங்கித் தோன்றும் நாள்களில், இருமல் என்றால் புகை என்பதே எல்லோர் வாயிலும் வரும் முடிபு. யாமும் அவ்வாறே எண்ணினோம். மருந்துக் கடையில் சாறு வாங்கிக் குடித்தோம். அது தீர்ந்தபின், நண்பர் ஒருவர் சொல்ல, நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் வாங்கி விழுங்கினோம். காய்ச்சல் பத்து நாள் தணிந்தது, மீண்டும் வந்தது. மாலையில் மெய் சூடேறும். இரவில் வியர்வை தலையணையை நனைக்கும். இடைவாரில் புதுத்துளை இரண்டு இட்டோம். இவ்வாறே இரண்டரை மாதம் கழிந்தது.

எம் மனையாளின் அரசுப் பணிவழிக் கிடைத்தது எமது கிட்வாய் நகர்க் குடியிருப்பு. சாலையைக் கடந்தால் சப்தர்ஜங் மருத்துவமனை. அதற்கெதிரே அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வரும் ஏழை எளியோர் நடைபாதையில் படுத்துக் காத்திருக்கும் இடம் அது. அதன் நிழலில் குடியிருந்துகொண்டு யாம் கடைமருந்து வாங்கியுண்டோம். இதனை என்னென்பது!

சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் பெரும்பாலும் வைரசே காரணம். அதன்மேல் நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்யாது. அது பணவிரயம். லெவோஃப்ளாக்சசின் போன்ற சில மாத்திரைகளோ காசநோய்க் கிருமியை அரைகுறையாய் அடக்கி, நோய் இருப்பதையே மறைத்துவிடும். அடங்கிய கிருமி அம்மருந்தை எதிர்க்கவும் பழகிக்கொள்ளும். எமக்குப் பத்து நாள் காய்ச்சல் தணிந்ததன் கதை இதுவே என்று மருத்துவர் பின்னர் விளக்கினார்.

அவர் முதலிற் கேட்டது கபம். எச்சில் வேறு, கபம் வேறு. விடியலில் எழுந்து, வாயைக் கொப்பளித்து, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமிக் கொணர்வதே கபம். முதல் நாள் யாம் கொடுத்தது வெறும் எச்சில் என்று திருப்பிவிட்டனர். 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் இராபர்ட் காக் பெர்லினில் இக்கிருமியை அறிவித்தார். அக்காலந்தொட்டு, கபத்திற்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதே வழக்கம். கிருமி மிகுந்திருந்தால்தான் அதிற் புலப்படும். இப்போது கிருமியின் மரபணுவையே தேடும் கருவி வந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்னும் தலையாய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடுகிறது. ட்ரூநாட் என்னும் அவ்வகைக் கருவி நம் நாட்டிலேயே உருவானது.

கிருமி இருப்பது உறுதியாயிற்று. பின்னர் மருத்துவர், சர்க்கரைச் சோதனையும் எச்.ஐ.வி. சோதனையும் செய்து வருமாறு எழுதினார். எமக்கு முகம் சிவந்துவிட்டது. “எம்மைப் பார்த்தால் அப்படிப்பட்டவராகவா தெரிகிறது?” என்று கேட்டோம். அவர் சினவாது சொன்ன விடையைக் கூறவே இவ்வுரையின் பெரும்பகுதியைக் கொண்டோம்.

நம் நாட்டில் கோடிக்கணக்கானோர் உடம்பில் இக்கிருமி உறங்கிக் கிடக்கிறது. அவர்களுள் பத்தில் ஒருவர்க்கே வாழ்நாளில் நோயாய் எழுகிறது. ஏனையோரை உடற்காவல் காக்கிறது. ஆகவே நோயைக் கண்டபின், காவல் ஏன் தளர்ந்தது என்றும் கேட்டாக வேண்டும். எச்.ஐ.வி. வைரசு குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ஒரு வகையை அழித்துக் காவலையே கலைத்துவிடும். நீரிழிவு அதனைத் தளர்த்தும். பசியும் புகையிலையும் மதுவும் அவ்வாறே. பிறவியிலேயே காவற்குறை உடைய குழந்தைகளும் உளர். ஓராண்டில் இருமுறை நிமோனியா கண்ட குழந்தைக்கு மருந்து மட்டும் கொடுத்தனுப்பாமல், குருதியின் எதிர்ப்பொருள் அளவையும் பார்க்க வேண்டும் என்பர்.

எச்.ஐ.வி. நம் நாட்டில் இருப்பதை முதன்முதல் கண்டறிந்தவர்கள் சென்னைப் பெண்டிர் இருவர் என்பது நம்மிற் பலர் அறியாதது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் குருதி மாதிரிகள் திரட்டினார். சென்னையில் சோதிக்க வசதியில்லை. 1986 பிப்ரவரியில் அவர் தம் கணவரோடு, பனிக்கட்டிப் பெட்டியில் மாதிரிகளை வைத்துக்கொண்டு இரவு வண்டியேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். ஆறு மாதிரிகளில் அறிகுறி தெரிந்தது. சென்னையிலிருந்து காட்பாடி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். எத்தனையோ பெட்டிகளுக்குச் சீட்டெழுதியவர் யாம். அவ்வண்டியில் சென்ற அச்சிறு பெட்டியை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது.

எமக்கு எச்.ஐ.வி. இல்லை. சர்க்கரையோ மிகுந்திருந்தது, அதனை அதுவரை யாம் அறியோம். சர்க்கரையை அடக்காமல் காசநோய்க்கு மட்டும் மருந்துண்டிருந்தால் எம் நிலை என்னவாகியிருக்கும்!

முற்காலத்தில் இந்நோயாளரை ஊருக்குப் புறத்தே அனுப்பிவிடுவர். டாக்டர் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயரால் இன்றும் ஒரு புறநகர் இரயில் நிலையம் உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கின. 200-க்குச் சற்றுக் குறைந்த நோயாளரை ஒழுங்குமுறையின்றிப் பகுத்து, ஒரு பாதியினர்க்குச் சானடோரியத்திலும், மறுபாதியினர்க்கு நெருக்கடி மிகுந்த அவர்தம் வீடுகளிலும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் குறைவாய் உண்டனர், மிகுதியாய் உழைத்தனர். எனினும் குணமடைந்தோர் தொகை இரு பக்கமும் பெரிதும் வேறுபடவில்லை. வீட்டார்க்கும் கூடுதற் கேடு நேரவில்லை; தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்பே பரவிவிடுகிறது. 1959-இல் வெளிவந்த அம்முடிவு உலகெங்கும் மருத்துவ முறையை மாற்றியது. தில்லியில் யாம் வீட்டிலேயே இருந்து குணமானது அச்சென்னை ஏழையர் செய்த நன்மையால்.

அப்படியானால் உணவு வேண்டா என்று கொள்ளற்க. சென்னை ஆய்வு காட்டியது, மருந்து சரியாயிருந்தால் வறிய வீட்டிலும் குணம் உண்டு என்பதே. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. நோயாளரின் வீட்டார்க்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாய்க் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அரசும் நோயாளர்க்கு உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளித்து, 2024 நவம்பரில் அதனை 1,000 ஆக்கிற்று. பருப்பு விற்கும் விலையில் இது போதுமா என்பது வேறு.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்னர் நான்கு மாதம் மூன்று. முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போக, குருதியோ என்று நடுங்கினோம். அது ரிஃபாம்பிசினின் நிறம். மூன்றாம் மாதம் உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்திவிட நெஞ்சம் சொல்லிற்று. எம் மகள் நாள்தோறும் எதிரில் நின்று, விழுங்கிய பின்னரே நகர்ந்தாள். வீட்டார் அனைவரும் சோதனை செய்துகொண்டனர். நோய் யார்க்கும் இல்லை. தடுப்பு மருந்து உண்டனர்.

தொடக்கத்தில் யாமே எமக்கென ஒரு தம்ளரைத் தனியே ஒதுக்கி வைத்தோம். பாத்திரத்தால் இந்நோய் பரவாது, மூச்சுக் காற்றால் பரவுவது என்று மருத்துவர் சொன்ன அன்று மாலையே எம் மனையாள் அதனை எடுத்து ஏனையவற்றோடு சேர்த்துக் கவிழ்த்தாள்.

இரு வாரம் கடந்தும் இருமுவோர் இங்கிருந்தால் கபத்தோடு செல்க. அரசு மருத்துவமனையில் சோதனைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை. தனியே செல்லத் தயங்குவோர் எமக்குச் சொல்லியனுப்புக. எமக்கு வாரவிடுமுறை புதன்கிழமை; சீட்டுப் பெறும் வரிசையில் விடியலிலேயே நிற்க வேண்டும்; யாம் உடன் வருகின்றோம்.