கூப்பாத கைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘தமிழும் சமயமும்’ என்னும் பொருளில் பேசுமாறு எனக்குப் பணித்துள்ளார்கள். அது பெருங்கடல். அதன் கரையில் நின்று ஒரு கை நீரை மட்டும் அள்ளிக் காட்ட விரும்புகிறேன். கடவுள் நம்பிக்கை இல்லாத மாணவனை, சமயச் சார்புள்ள பள்ளி ஒன்று வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தலாமா? இதுவே என் கேள்வி. இக்கேள்வியை நான் நூலிலிருந்து எடுக்கவில்லை. என் சொந்தப் பிழையிலிருந்து எடுத்தேன். எனவே முதலில் அந்தப் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, சமய அறக்கட்டளை ஒன்று நடத்திய பள்ளியில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். காலை வழிபாட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைகூப்பாமல், கண் மூடாமல் நின்றான். லேத் பட்டறைத் தொழிலாளியின் மகன். வீட்டில் பகுத்தறிவுக் கொள்கை. அவனை அழைத்துப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். ஒரு பாடவேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். “ஐயா, நான் பேசவில்லை, சிரிக்கவில்லை. சும்மாதானே நின்றேன்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கண் மூடாதவனைக் கண்டுபிடித்த நானும் அப்போது கண் மூடியிருக்கவில்லை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

அதே வாரம் அதே வகுப்பில் திருநாவுக்கரசர் வரலாற்றைப் பாடம் நடத்தினேன். சமண சமயத்தில் தருமசேனராக விளங்கியவர், தம் உள்ளம் மாறியதும் சைவத்துக்குத் திரும்பினார். பல்லவ மன்னன் அழைத்தான்; அவர் பணியவில்லை. நீற்றறையில் இட்டார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்தார்கள் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். “அரசனே ஆணையிட்டாலும் உள்ளம் ஒப்பாததைச் செய்யாத வீரம்” என்று நான் முழங்கியபோது, மூன்றாம் பெஞ்சில் அந்த மாணவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் குரல் தணிந்தது. ஆயினும் அவனிடம் ஒரு சொல் வருத்தம் தெரிவிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடனைத்தான் இன்று இந்த மேடையில் ஓரளவாவது தீர்க்க முயல்கிறேன்.

அன்பர்களே, நாவுக்கரசரைக் கொண்டாடுகிற சைவப் பள்ளி, பணிய மறுத்த ஒரு மனிதரைக் கொண்டாடுகிறது. பைபிளில் தானியேல் ஆகமத்தில், மன்னன் நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்துத் தீச்சூளையில் இடப்பட்ட மூன்று இளைஞர்களின் கதை வருகிறது. கிறித்தவப் பள்ளியின் ஞாயிறு வகுப்பில் அது சிறுவர்களுக்குச் சொல்லப்படும் கதை. சமயத்தில் வற்புறுத்தல் இல்லை என்பது இசுலாமிய வேதத்தில் வெளிப்படையாகவே உள்ள கருத்து. ஆக, மூன்று மரபுகளுமே கட்டாயத்தின் பக்கம் நிற்கவில்லை. கட்டாயத்துக்கு இணங்காதவரின் பக்கம் நிற்கின்றன. தம் முன்னோர் பட்ட துன்பத்தைப் போற்றுகிறவர்கள், அதில் ஒரு சிறு துளியைக் கூடப் பிறர் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

நம் தமிழ் மரபிலும் நம்பாதவனுக்கு இடம் உண்டு. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களுள் பூதவாதியும் ஒருவன். அவன் சொல்வதை அவள் ஏற்கவில்லை. ஆயினும் அவனும் தன் கொள்கையைத் தானே எடுத்துரைக்கிறான். நீலகேசியிலும் பூதவாதத்துக்கென்று தனிச் சருக்கமே உண்டு. வாதத்தில் வெல்லலாம், தோற்கலாம். வாய் திறவாதே என்றோ, கை கூப்பு என்றோ அங்கே யாரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து வரலாறு இன்னொரு பாடம். ஆறுமுக நாவலர் வெசுலியன் மிசன் பள்ளியில் பயின்றவர். அங்கேயே ஆசிரியராக இருந்தவர். பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணை நின்றவர். கல்வியோடு சமயமும் சேர்த்து ஊட்டப்படுவதைக் கண்ட அவர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிசன் பள்ளிகள் தந்த கல்வியின் அருமையை நாம் மறக்கலாகாது. அக்கல்வியில் ஊறியவரே தனிப் பள்ளி கண்டார் என்பதையும் மறக்கலாகாது. அந்த வரலாற்றைப் பெருமையுடன் பேசும் நாம், நாம் நடத்தும் பள்ளியில் அதே நெருக்கடியை வேறொரு குழந்தைக்கு உண்டாக்கினால், நாவலரிடமிருந்து பாதிப் பாடத்தையே கற்றவர்கள் ஆவோம்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது. அதன் மூன்றாம் உட்பிரிவுதான் நம் பொருளுக்கு உரியது. அரசின் அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதியுதவி பெறும் கல்வி நிலையத்தில் பயிலும் எவரையும், அவருடைய இசைவின்றிச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளுமாறு கோரக் கூடாது. அவர் வயது வராதவராயின் பாதுகாவலரின் இசைவு வேண்டும். இதில் இரண்டு நுட்பங்களைக் கவனியுங்கள். நிதியுதவி பெறும் பள்ளி மட்டுமன்று, அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியும் இதற்குள் அடங்கும். “நாங்கள் அரசிடம் ஒரு காசும் வாங்கவில்லை” என்பது விடையாகாது. அடுத்து, மறுப்புச் சொல்லாதவரையெல்லாம் இசைந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்லவில்லை. இசைவு தரப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. கேட்டுப் பெற வேண்டிய பொறுப்பு பள்ளியுடையது.

அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கோட்டயம் மாவட்டத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையுடன் எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். தம் சமயம் இடம் தரவில்லை என்றார்கள். 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. எழுந்து நிற்பதே மரியாதை. பாடாமல் இருப்பது அவமதிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அந்தக் குழந்தைகள் கடவுளை நம்பியதால் வாய் மூடி நின்றார்கள். என் மாணவன் கடவுளை நம்பாததால் கை கூப்பாமல் நின்றான். நிற்கும் முறையில் என்ன வேறுபாடு? நாட்டுப்பண்ணுக்கே இந்த இடம் உண்டென்றால் ஒரு பள்ளியின் வழிபாட்டுப் பாட்டுக்கு எப்படி இல்லாமல் போகும்?

மறுதரப்பின் நியாயத்தையும் நான் மறைக்கவில்லை. “எங்கள் சமயத்தைப் பேணுவதற்காகவே இப்பள்ளியை எழுப்பினோம். சிறுபான்மையோர் கல்வி நிலையம் நடத்தும் உரிமையை 30ஆம் பிரிவு தந்திருக்கிறது. தெரிந்துதானே பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தீர்கள்?” என்று கேட்பார்கள். பள்ளி தன் வழிபாட்டை நடத்தட்டும். அதை நிறுத்தச் சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. ஆனால், ‘தெரிந்துதானே சேர்த்தீர்கள்’ என்னும் வாதத்தை நம் ஊர் நிலையில் வைத்து எண்ணிப் பாருங்கள்.

1970களில் சிப்காட் வந்தபின் ஓசூரின் முகம் மாறியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஏற்கெனவே கலந்து வாழ்ந்த மண்ணுக்கு, ஆலைகளைத் தேடித் தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னர் வடமாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. இரவு ஷிப்ட் முடித்து வரும் தந்தை பள்ளியைத் தேர்வது எப்படி? வீட்டுக்கு அருகில் இருக்கிறதா, பேருந்து வருகிறதா, கட்டணம் கட்டுப்படியாகுமா, இடம் கிடைக்குமா என்றே பார்க்கிறார். பள்ளியின் சமயம் அவர் கணக்கில் கடைசியில் வருகிறது. சேர்க்கைப் படிவத்தின் அடியில், ‘பள்ளி விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்’ என்ற வரியின் கீழ் அவர் இடும் கையெழுத்தை வழிபாட்டுக்கான இசைவு என்று கொள்வது நேர்மையா?

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் தெளிவாக்க வேண்டும். சமய இலக்கியத்தைக் கற்பது வேறு, வழிபடுவது வேறு. தேவாரமும் திருவாய்மொழியும், சீறாப்புராணமும், தேம்பாவணியும், இரட்சணிய யாத்திரிகமும் எல்லா மாணவரும் கற்க வேண்டிய தமிழ்ச் செல்வங்கள். நாத்திகன் வீட்டுப் பிள்ளை தேவாரத்தை ஒதுக்கக் கூடாது. பக்தர் வீட்டுப் பிள்ளை பாரதிதாசனை ஒதுக்கக் கூடாது. சமயப் பெரியார் ஒருவரின் வாழ்வையும் வாக்கையும் கல்வி நோக்கில் பயில்வது சமய போதனை ஆகிவிடாது என்று 1971இல் பஞ்சாபின் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் பிரித்துக் காட்டியது. எது கல்வி, எது வழிபாடு என்ற எல்லைக்கோடு எப்போதும் எளிதன்று. கேந்திரிய வித்தியாலயங்களின் காலைப் பிரார்த்தனை பற்றிய வழக்கை, அரசியல் சாசன அமர்வு ஆராயத்தக்க கேள்வி என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கருதியதே அதற்குச் சான்று.

சட்டத்திலும் ஒரு குறை உண்டு. பதினேழு வயது வரை இசைவு தருபவர் பெற்றோரே. பிள்ளையின் உள்ளத்தை யாரும் கேட்பதில்லை. பக்தியுள்ள பெற்றோருக்கு நம்பாத மகள் இருக்கலாம். நாத்திகத் தந்தைக்கு வழிபட விரும்பும் மகன் இருக்கலாம். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிகளில் அன்றாடக் கூட்டு வழிபாட்டை விதித்தது. பெற்றோர் விலக்குக் கேட்கலாம் என்றது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், பதினாறு வயதுக்கு மேல் மேல்நிலை வகுப்பில் பயிலும் மாணவர் தாமே விலகிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. குழந்தைகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை, குழந்தையின் சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றின் உரிமையை மதிக்கச் சொல்கிறது. 1992இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது.

ஆகவே நம் பகுதிப் பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் இவை. வழிபாட்டுக்கான இசைவைச் சேர்க்கைப் படிவத்தில் தனியாகக் கேளுங்கள். பெற்றோர் அறிந்த மொழியில் கேளுங்கள். இசையாதவரின் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம் நூலகத்தைத் திறந்து வையுங்கள். வரிசையில் நிற்க விரும்பினால் அமைதியாக நிற்கட்டும். பதினோராம் வகுப்புக்கு வந்த மாணவரின் சொல்லையும் கேளுங்கள். எந்த மதிப்பெண்ணையும், எந்தப் பரிசையும் கூப்பிய கையோடு இணைக்காதீர்கள்.

நம்பிக்கையற்ற இளைஞர்களுக்கும் ஒரு சொல். உங்கள் அமைதி மரியாதையுடன் இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் கண் மூடி உருகுகிறான் என்றால் அவனைப் பார்த்து நகைக்காதீர்கள். நீங்கள் கேட்கும் உரிமையைத்தான் அவனும் கேட்கிறான்.

இந்த ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் இராஜாஜி. இராமாயணமும் பாரதமும் எழுதிய ஆத்திகர். அவருடைய நெடுநாள் நண்பர் ஈரோட்டுப் பெரியார். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னவர். அரசியலில் எதிரெதிராக நின்று ஒருவரையொருவர் கடுமையாகச் சாடியவர்கள், நட்பை விடவில்லை. 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, முதுமையிலும் நேரில் வந்து கண்ணீர் விட்டார் பெரியார். அவர்களில் ஒருவர் மற்றவரைக் கைகூப்பச் சொன்னதும் இல்லை. கூப்பிய கையைப் பிரிக்கச் சொன்னதும் இல்லை.

என் அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறான் என்று அறியேன். இந்த மலர் எப்போதேனும் அவன் கைக்குப் போய்ச் சேருமானால், “தம்பி, அன்று தவறு என்னுடையது” என்று அவனுடைய பழைய தமிழாசிரியன் எழுதியிருப்பதை அவன் படிக்கட்டும்.