உரோமை வரலாறும் ஒரு மாணவனின் வினாக்களும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குத் தரப்பெற்ற பொருள் 'பள்ளியில் உலக வரலாறு' என்பது. உலகமோ பெரிது, எனக்குத் தந்திருப்பதோ அரைமணி. ஆகவே ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தைபர் ஆற்றங்கரைக் குன்றுகளின்மேல் சில குடிசைகளாகத் தொடங்கி, நடுநிலக்கடலைச் சுற்றிய நாடுகளையெல்லாம் ஆண்ட உரோமை என்னும் ஊர் அது. அவ்வூரின் வரலாற்றை நம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் கற்கும்போது அவன் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதே என் உரை.

"நம் மூவேந்தர் வரலாறே முழுமையாகக் கற்பிக்கப்படாதபோது உரோமையர் வரலாறு நம் பிள்ளைகட்கு எதற்கு?" என்று அன்பர் சிலர் கேட்பதுண்டு. முற்பகுதி உண்மை, பிற்பகுதியை நான் ஒப்பேன். உரோமையர் நமக்கு முற்றும் அயலார் அல்லர். கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்த உரோமைக் காசுகளும், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்து கண்ட மட்கலங்களும், முசிறிச் சரக்கைப் பற்றிப் பேசுவதாய் இன்று வியன்னாவில் இருக்கும் நாணற்றாள் ஆவணமும் அதற்குச் சான்று. ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுட்டர்சுக் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி வருந்தி எழுதினார். இவற்றையெல்லாம் நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசவேண்டியதுதான். ஆனால் வகுப்பறையில் என்னை உலுக்கிய வினா மிளகைப் பற்றியதன்று, முத்தைப் பற்றியதுமன்று.

எங்கள் பள்ளியில் வரலாற்றாசிரியர் இடம் ஓராண்டு வெற்றிடமாகக் கிடந்தது. தமிழாசிரியனை எந்த வகுப்புக்கும் அனுப்பலாம் என்பது தலைமையாசிரியர்களிடையே வழிவழி வரும் நம்பிக்கை. ஆகவே உரோமையை நான் நடத்தலானேன். முதல்நாள் மாணவர்களை நோக்கி, "உரோமையைப் பற்றி என்ன அறிவீர்?" என்றேன். "கி.மு. 753-இல் நிறுவப்பட்டது; நிறுவியவர் உரோமுலசு; ஓநாய்ப்பால் குடித்தவர்" என்று ஒரே குரலில் ஒப்பித்தனர். அந்த 753 என்பது வாரோ என்னும் அறிஞர் பல நூற்றாண்டு கழித்து வகுத்த கணக்கு என்பதையோ, ஓநாய் வெறுங்கதை என்பதையோ எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. ஒப்பித்தால் ஒரு மதிப்பெண்.

அடுத்த இடர் பெயர்கள். செனட்டு, டிரிபியூன், வீட்டோ என்று வரிக்கு வரி நாவில் முள் தைத்தது. 'செனெக்சு' என்றால் இலத்தீனில் முதியவன். ஆகவே செனட்டு என்பது 'மூப்பர் அவை' என்று கரும்பலகையில் எழுதினேன். 'வீட்டோ' என்பது 'தடுக்கிறேன்' என்னும் ஒற்றை வினைச்சொல் என்றேன். "அவ்வளவுதானா ஐயா!" என்றாள் ஒரு மாணவி. அவ்வளவுதான். தன் மொழியில் சொன்னால் பாதிப் பாடம் தானே விளங்கிவிடுகிறது.

இதை உரோமையரே செய்தனர் என்பது இங்குள்ளோர்க்கு இனிக்கும். உரோமையருள் முதன்முதல் தம் ஊர் வரலாற்றை எழுதிய பேபியசு பிக்டர் அதைக் கிரேக்க மொழியிலேயே எழுதினார். பின்வந்த போசுதுமியசு அல்பினசு என்பவரும் கிரேக்கத்திலேயே எழுதி, 'மொழிப்பிழை இருப்பின் பொறுத்தருள்க' என்று முன்னுரையில் வேண்டிக்கொண்டார். அது கண்ட மூத்த கேட்டோ, கிரேக்கத்தில் எழுதுமாறு உம்மை யார் கட்டாயப்படுத்தினார் என்று எள்ளினாராம். எள்ளியதோடு நில்லாமல் 'தோற்றங்கள்' என்னும் வரலாற்றை இலத்தீன் உரைநடையில் தாமே எழுதினார். தம் மகன் படிப்பதற்கென்று வரலாற்றைப் பெரிய பெரிய எழுத்துகளில் தம் கையாலேயே வரைந்து கொடுத்தார் என்று புளூட்டார்க்கு கூறுகிறார். பேரரசர் தைபீரியசு மூப்பர் அவையில் ஒரு கிரேக்கச் சொல்லை ஆள நேர்ந்தபோது அதற்கு முன்கூட்டியே பொறுத்தல் வேண்டினார். இன்று நம் கடைத்தெருவில் 'குவாலிட்டி' என்று திரிகிறதே ஒரு சொல், அது சிசரோ கிரேக்கச் சொல்லுக்கு மாற்றாக இலத்தீன் வேரிலிருந்து ஆக்கிய புதுச்சொல்லின் வழிவந்தது. இலத்தீனுக்கு அன்று அது தனிமொழிப் பணி; நமக்கு இன்று அது அயற்சொல். மாணவர் இதைக் கேட்டு நன்றாகச் சிரித்தனர்.

சிரிப்பு அடங்கியது அடுத்த கிழமையில்.

கி.மு. 495-ஐ ஒட்டி நடந்ததாக இலிவி கூறும் ஒரு நிகழ்ச்சி. உரோமை மன்றத்தில் கந்தல் உடுத்த கிழவர் ஒருவர் வந்து நின்றார். படையில் தலைவராயிருந்து பல போர் கண்டவர். அவர் போர்க்களத்தில் நின்றபோது பகைவர் அவர் வீட்டைக் கொளுத்தி ஆடுமாடுகளை ஓட்டிச் சென்றனர். அந்நிலையிலும் வரி கேட்டனர். வரிக்காகக் கடன் வாங்கினார். கடனுக்குப் பாட்டன் நிலம் போயிற்று. இறுதியில் உடலையே கடன்காரன் இழுத்துப் போனான். முதுகில் கசையடித் தழும்பு, மார்பில் போர்த்தழும்பு. மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டு, கி.மு. 494-இல், பொதுமக்கள் நகரைத் துறந்து புறத்தேயுள்ள மலைமேல் போய் அமர்ந்துவிட்டனர். உழுவோரும் இல்லை, போரிடுவோரும் இல்லை. உயர்குடியினர் நடுங்கி, மெனேனியசு அகிரிப்பா என்பவரைத் தூது விடுத்தனர். அவர் சொன்னதுதான் வயிற்றுக்கதை: 'நாங்கள் உழைக்க, வயிறு மட்டும் இருந்து தின்பதா' என்று உறுப்புகள் வேலையை நிறுத்தினவாம், வயிறு மெலிய உறுப்புகளும் மெலிந்தனவாம், வயிறும் ஒரு தொண்டு செய்கிறது என்று அப்போது உணர்ந்தனவாம்.

நான் கதையை முடித்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அதுவரை வாய் திறவாத பிள்ளை. "ஐயா, வயிறு தின்றதைக் குருதியாக்கிக் கைகாலுக்குத் திருப்பி அனுப்புகிறது. உயர்குடியினர் எதைத் திருப்பி அனுப்பினார்கள்?" என்றான்.

இருபத்தெட்டு ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தவன் நான். அக்கதையை மேடைகளில் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவர் கேட்டதில்லை. "மலைமேல் இருந்தோரும் வெறுங்கதையோடு இறங்கிவிடவில்லையப்பா, தங்களுக்கென மக்கட்காப்பாளர் பொறுப்பைப் பெற்றுக்கொண்டே இறங்கினர். 'தடுக்கிறேன்' என்னும் சொல் அவர்கள் கையில் வந்தது அதன்பின்தான்" என்றேன். அமர்ந்தான், ஆனால் அவன் முகம் தெளியவில்லை.

மறுநாள் பன்னிரு பலகைகள். கி.மு. 451, 450-இல் உரோமைச் சட்டங்கள் முதன்முறையாக எழுதப்பெற்று மன்றத்தில் யாவரும் காண வைக்கப்பட்டன. அதுவரை சட்டம் உயர்குடியினர் நினைவில் இருந்தது. அவர்கள் சொன்னதே சட்டம். எழுதிய சட்டம் இனியதாக இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டவனுக்கு 30 நாள் தவணை. அதன்பின் கடன் கொடுத்தவன் அவனைப் பிடித்துச் செல்லலாம். 15 இராத்தல் எடையில் விலங்கு பூட்டலாம், அஃதாவது நம் கணக்கில் ஏறத்தாழ ஐந்து கிலோ. 60 நாள் கட்டிவைத்து, சந்தை கூடும் நாள் மூன்றில் மன்றத்துக்குக் கொணர்ந்து, கடன் இவ்வளவு என்று அறிவிக்க வேண்டும். மீட்பார் இல்லையெனில் கொல்லலாம். அல்லது தைபர் ஆற்றுக்கு அப்பால் விற்கலாம். இவ்வாறு கடனுக்கு உடலைப் பிணைவைக்கும் முறைக்கு இலத்தீனில் 'நெக்சம்' என்று பெயர். கட்டு என்று பொருள்.

"ஐயா, இது முன்பணமா?" என்றான் அதே மாணவன்.

வகுப்பில் சிலர் அவனைத் திரும்பிப் பார்த்தனர். சிலர் பாராததுபோல் குனிந்துகொண்டனர். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அவன் பெற்றோர் தைப்பொங்கல் கழிந்ததும் செங்கற்சூளைக்குப் போய்விடுவர்; ஆனியில் திரும்புவர். அவன் பாட்டியோடு இருப்பான். சூளைத் தரகர் முன்பணம் கொடுப்பார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதில் முன்பணம் கழியும். ஆறு ஆண்டாகக் கழிகிறது, தீரவில்லை. கணக்கு எவ்வளவு என்று கேட்டேன். "கணக்கேடு தரகரிடம் இருக்கிறது ஐயா. நாங்கள் பார்த்ததில்லை" என்றான். 'பையனையும் இவ்வாண்டு கூட்டிவந்தால் விரைவில் தீரும்' என்று தரகர் சொல்லியிருந்ததை வகுப்பு முடிந்தபின் தாழ்வாரத்தில்தான் சொன்னான்.

நான் அவனுக்கு அறிவுரை ஒன்றும் கூறவில்லை. பாடத்தில் அடுத்து என்ன வந்ததோ அதையே மறுநாள் நடத்தினேன். தந்தையின் கடனுக்காகத் தன்னையே பிணையாக ஒப்புவித்த காயசு பப்லிலியசு என்னும் இளைஞனைக் கடன் கொடுத்தவன் இழிவுபடுத்தவும், அவன் இணங்காமையால் கசையால் அடிக்கவும், அக்காயத்தோடு அவன் தெருவுக்கு ஓடிவந்தான். அவன் முதுகைக் கண்ட மக்கள் மூப்பர் அவையின் வாயிலுக்குத் திரண்டனர். இலிவியின் கணக்குப்படி கி.மு. 326-இல் கடனுக்கு உடலைப் பிணைக்கும் முறை நீக்கப்பட்டது. கடனுக்குப் பொருள் ஈடாகலாம், உடல் ஈடாகாது என்பது அதன் கரு. நம் நாட்டில் அதே கருத்தில் 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது என்பதையும், அதன்படி அத்தகைய கடன் தீர்ந்துபோனதாகவே கொள்ளப்படும் என்பதையும் கரும்பலகையின் மற்றொரு பாதியில் எழுதினேன். இடையில் எத்தனை ஆண்டு என்று கணக்கிடச் சொன்னேன். கணக்கிட்டு முடித்தவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தனர்.

அவனைப் பெரிதும் பற்றிக்கொண்டது பப்லிலியசு கதை என்றே நான் கருதியிருந்தேன். இல்லை, அது பிளேவியசின் கதை. எந்நாளில் வழக்குத் தொடுக்கலாம், எந்நாளில் கூடாது என்பது உரோமைப் பூசகர் சிலர்க்கே தெரிந்த மறைபொருளாயிருந்தது. பொதுமகன் ஒவ்வொரு முறையும் அவர்கள் வாயிலில் போய் நிற்கவேண்டும். நேயசு பிளேவியசு என்பவர் ஓர் எழுத்தர். விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகன். கி.மு. 304-இல் அவர் அந்நாட்குறிப்பை வெண்பலகைகளில் எழுதி மன்றத்தைச் சுற்றி வைத்துவிட்டார். வழக்குரைக்கும் முறைகளையும் வெளியிட்டார். உயர்குடியினர்க்குத் தாங்கொணாச் சினம். ஆனால் எழுதியதைப் படித்தவன் படித்துவிட்டான்.

தைப்பிறப்பில் நானும் உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். தந்தை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "முறையீடு வேண்டா ஐயா. அடுத்த ஆண்டும் அவரிடந்தான் போகவேண்டும்" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பையனை அழைத்துப் போகமாட்டேன் என்று அவன் தாய் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

பையன் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வாங்கினான். காரிக்கிழமைதோறும் மாலையில் தந்தை கைப்பேசியில் அழைப்பார். அந்தக் கிழமை அறுத்த கல் எவ்வளவு, செலவுக்கு வாங்கியது எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு இவன் எழுதுவான். பெரிய பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தான், பாட்டியும் எண்களைப் பார்த்துச் சொல்லட்டும் என்று. ஆனியில் தரகர் கணக்கேட்டை விரித்தபோது தந்தை இக்குறிப்பேட்டை அதன் பக்கத்தில் வைத்தார். தரகர் ஏட்டில் இல்லாத கற்கள் பையன் ஏட்டில் இருந்தன. நெடுநேரம் பேச்சு நடந்தது. அவற்றுக்குரிய கூலியில் ஒரு பகுதி வந்தது, முழுவதும் வரவில்லை.

அவன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். எங்கள் பள்ளிக்குப் புதிய வரலாற்றாசிரியரும் வந்துவிட்டார். குறிப்பேட்டில் இரண்டாம் ஆண்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இம்முறை அத்தெருவில் மேலும் மூன்று வீட்டாரின் கணக்கும் அதில் ஏறியிருக்கிறது.