விசிட் விசாவும் நம் பிள்ளைகளும்



செங்கோட்டை ரயிலேறித் திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் இங்கிருந்து துபாய்க்கு விமானம் ஏறுகிறார்கள். பத்தாவது தேறாதவர் அங்கே வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும்; அந்த அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கத்தான் ஏஜெண்ட் விசிட் விசாவை நீட்டுகிறான்.

30 நாளோ 60 நாளோ, கெடு முடியுமுன் பணம் கட்டி நீட்டிக்கலாம். நீட்டித்தாலும் வேலை செய்யும் உரிமை வராது. கூலி தராதவன்மீது வாய் திறக்க முடியாது. கெடு தவறினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். 100 நாளுக்கு 5,000! எந்தத் தாலியை விற்பது? 2018இலும் 2024இலும் அமீரக அரசு பொதுமன்னிப்பு தந்தது. அடுத்ததை நம்பி ஒளிந்து கிடக்கலாமா?

டிக்கெட்டில் தேதி பார்த்தே பழகிய கண் நமக்கு. கெடுவுக்குப் பத்து நாள் முன்பே போனில் கேட்போம்: "தம்பி, வேலை விசா வந்தாச்சா? இல்லேன்னா ஏறி வா."