பெண்ணின் வாயடைத்துத் தமிழின் வாய் திறவாது

(பெண்ணுரிமைக் கருத்தரங்கொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



தனித்தமிழ் இயக்கம் எங்கே பிறந்தது? அரண்மனையில் அன்று, பல்கலைக்கழகத்திலும் அன்று. 1916-ஆம் ஆண்டில், பல்லாவரத்து வீடொன்றில், ஒரு தந்தையும் அவர்தம் மகளும் நிகழ்த்திய உரையாடலில் அது பிறந்தது. வள்ளலாரின் பாடலொன்றைப் பாடிய மறைமலையடிகள், அதன்கண் 'தேகம்' என்னும் வடசொல் நின்ற இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் எத்துணைச் சிறப்பாக இருந்திருக்கும் என்று மகளிடம் எடுத்துரைத்தார். பதின்மூன்று அகவைச் சிறுமியாகிய நீலாம்பிகை அதனைக் கருத்தூன்றிக் கேட்டார். அயற்சொல் கலவாத தமிழையே இனிப் பேசுவது, எழுதுவது என்னும் உறுதி தந்தைக்கும் மகளுக்கும் பொதுவாயிற்று.

அன்று அவ்வறிஞர் பெருமகனார், "சிறு பெண்ணுக்கு இலக்கணத்தில் என்ன வேலை? அடுக்களைக்குப் போ" என்று கூறியிருப்பின், தமிழ் எதனை இழந்திருக்கும்? அவ்வாறு கூறாது மகளையும் பேச விட்டதன் பயனாகவே 'தனித்தமிழ்க் கட்டுரைகள்' என்னும் நூலும், வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் திரட்டிய அகரவரிசையும் நீலாம்பிகையம்மையாரின் கையிலிருந்து தமிழுக்குக் கிடைத்தன. பெண் ஒருத்தியின் பேச்சைச் செவிமடுத்ததால் வேர்கொண்ட இயக்கம் இது. இவ்வுண்மையை மறந்தோர் இவ்வியக்கத்தின் வரலாற்றையே மறந்தோர் ஆவர்.

பேசியதே குற்றமான மாநாடு

1938 ஏப்பிரலில், சென்னை மாநிலத்தின் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கும் ஆணையை இராசாசி அமைச்சரவை வெளியிட்டது. தமிழகம் கிளர்ந்தெழுந்தது. அவ்வாண்டு ஆகத்து முதல் நாளன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட தமிழர் பெரும்படை, 42 நாள் கால்நடையாகவே நடந்தது. அப்படையில் நடந்த ஒரே பெண், 55 அகவையை எட்டியிருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் இழிவழக்கத்தை அதனுள்ளேயே வளர்ந்து கண்டு, அதனை வேரறுக்கப் புறப்பட்டவர் அவர்.

நவம்பர் 13-ஆம் நாளன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடிற்று. தலைமை தாங்கியவர் அதே நீலாம்பிகையம்மையார். தருமாம்பாள் அம்மையாரும், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவராக விளங்கிய மீனாம்பாள் சிவராசு அம்மையாரும் முன்னின்று பணியாற்றினர். ஈ.வெ.இராமசாமியாரைப் 'பெரியார்' என்றே அழைத்தல் வேண்டும் என்று முடிவு செய்ததும் அம்மாநாடே. நாடறிந்த தலைவர்க்கு நாடறிந்த பெயரைச் சூட்டியோர் பெண்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறுநாள் தருமாம்பாள், இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோர் பள்ளியொன்றின் முன் மறியல் செய்து தளைப்பட்டனர். அப்போராட்டத்தில் சிறை புகுந்த பெண்கள் 73 பேர். தாய்மாரோடு சிறைக்குள் சென்ற குழந்தைகள் 32. தாலாட்டுக் கேட்க வேண்டிய செவிகள் சிறைக்கதவின் ஓசையைக் கேட்டன.

ஆட்சியாளர் என் செய்தனர்? பெண்களிடையே பேசி அவர்களைப் போராட்டத்திற்குத் தூண்டிவிட்டார் என்று பெரியார்மீது வழக்குத் தொடுத்தனர். அவர் எதிர்வழக்காடவில்லை. அவ்வாண்டு திசம்பரில் அவருக்குக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1939 மே திங்களிலேயே அவர் வெளியே வந்தார்.

'தூண்டிவிட்டார்' என்னும் அக்குற்றச்சாட்டைச் சற்று உற்று நோக்குக. ஆண்கள் மறியல் செய்தால் அது கொள்கைப் போராட்டம். பெண்கள் மறியல் செய்தால் அது எவனோ ஒருவன் தூண்டிவிட்ட செயல்! அவளுக்கென்று அறிவில்லை, உள்ளமில்லை, முடிவெடுக்கும் ஆற்றலில்லை என்னும் இழிகருத்து, வழக்கேட்டின் ஒவ்வோர் எழுத்திலும் ஒளிந்து கிடந்தது. பெண் பேசுமிடத்தை முடக்க விரும்புவோர் அன்றும் இன்றும் எடுக்கும் முதற்கருவி இதுவே. அவள் பேசுகிறாள் என்று ஒப்புக்கொள்ள அவர்க்கு மனமில்லை. அவளைப் பேசவைப்பவன் எவன் என்று தேடுவர்.

பேச்சு சட்டமான கதை

"மேடையில் நின்று பெண்ணுரிமை பேசுவதால் விளைவது யாது? வெறும் பேச்சுத்தானே?" என்று எள்ளுவோர் உளர். அவர்க்கு வரலாறே விடை கூறும்.

1929 பிப்பிரவரியில் செங்கற்பட்டில் கூடிய தன்மதிப்பு இயக்க மாநாடு, ஆணுக்குள்ள உடைமையுரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று முடிவு செய்தது. அன்று ஊர் சிரித்தது. குடும்பம் கெடும் என்றனர். உடன்பிறப்பு முறியும் என்றனர். ஆயினும் அப்பேச்சு ஓயவில்லை. இதழ்களில் எழுதப்பட்டது, திருமண மேடைகளில் முழங்கிற்று, திண்ணைகளில் சொல்லாடப்பட்டது. சரியாக அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், பிறப்பு வழிக் குடும்ப உடைமையில் மகனுக்கு நிகரான பங்கு மகளுக்கும் உண்டு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. அதன் பின்னரும் 16 ஆண்டு கடந்து, 2005-இல் தான் இந்திய நாடு முழுமைக்குமான சட்டம் அவ்வாறு திருந்திற்று. வட்டாட்சியர் அலுவலகத்தில் இன்று தன் பெயருக்குப் பட்டா கேட்டு நிற்கும் மகளின் பின்னே, 1929-இல் எள்ளப்பட்ட அப்பேச்சு நிற்கின்றது.

பொட்டுக் கட்டும் வழக்கத்தின் வரலாறும் அதுவே. மருத்துவர் முத்துலக்குமி அம்மையார் 1927-இல் சட்டமன்றத்தில் அதனை எதிர்த்துக் குரலெழுப்பினார். சமயத்தின் பெயரால் மறுத்தோர் பலர். கலையின் பெயரால் மறுத்தோரும் உளர். இருபது ஆண்டு வழக்காடிய பின்னரே, 1947-இல், அவ்வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் பிறந்தது.

இவ்விரு வரலாறும் கூறுவது ஒன்றே. பெண்ணுரிமை முதலில் ஒரு பேச்சாகவே பிறக்கின்றது. பேச அரங்கு இல்லையேல் அது சட்டமாக வளராது. ஆகலின், பேச்சின் குரல்வளையை நெரிப்போர் நாளைய சட்டத்தையே கருவில் அழிப்போர் ஆவர்.

கூண்டு மாறிற்று

இனிச் சொல்லவேண்டுவது கசப்பான செய்தி. கசப்பெனினும் மருந்து உண்டாக வேண்டும்.

2002, 2003-ஆம் ஆண்டுகளில், தம் உடலைப் பற்றியும் உள்ளத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பாடிய தமிழ்ப் பெண்பாவலர் சிலர்மீது வசைமழை பொழிந்தது. பண்பாடு கெட்டது என்று கூக்குரல் எழுந்தது. கழகப் புலவர் 473 பேருள் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் பெண்கள் என்று மேடைதோறும் பெருமை பேசுவோர், அவருள் ஒருவராகிய வெள்ளிவீதியார் தம் காதல் வேட்கையை ஒளிவுமறைவின்றிப் பாடியதை அறியாரோ? ஈராயிரம் ஆண்டுக்கு முன் பாடியவள் பெருமைக்குரியவள், இன்று பாடுபவள் இழிவுக்குரியவள் என்பது எவ்வகை அறம்?

2005-இல் நடிகை குசுபு, திருமணத்திற்கு முந்தைய உறவு பற்றி ஆங்கில இதழொன்றில் தம் கருத்தைக் கூறினார். அக்கருத்தை மறுக்க எவருக்கும் உரிமையுண்டு. மறுத்து எழுதவும் பேசவும் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நடந்தது என்ன? துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்தன. தமிழ்ப் பெண்களின் மானம் காக்கிறோம் என்று கூறி, அவர்மீது 23 வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2010 ஏப்பிரல் 28 அன்று உச்ச நயன்மன்றம் அவை அனைத்தையும் தள்ளிற்று. பலர்க்கு ஒவ்வாத கருத்தைக் கூறுவதே குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 1938-இல், பெண்களிடையே பேசிய குற்றத்திற்காகக் கூண்டில் நின்றது தமிழர் இயக்கம். 2005-இல், பேசிய பெண்ணைக் கூண்டில் ஏற்றியது தமிழர் பெயர். அன்று அரசு சுமத்திய குற்றச்சாட்டும், பின்னாளில் தெருவில் எழுந்த குற்றச்சாட்டும் ஒன்றே: இந்தப் பேச்சால் பெண்கள் கெடுவர்! கூண்டு இடம் மாறிற்று, குற்றச்சாட்டு மாறவில்லை. தருமாம்பாளும் இராமாமிர்தமும் சிறை சென்று பெற்றுத் தந்த பெயரை, ஒரு பெண்ணை அச்சுறுத்துவதற்குப் பயன்படுத்துவது அவர்தம் ஈகத்திற்கே இழுக்கு.

வடசொல் களைந்த கை வசைச்சொல்லையும் களைக

தனித்தமிழ் அன்பர் சொல்லின் ஆற்றலை அறிந்தவர். 'நமக்காரம்' என்பதை 'வணக்கம்' என்று மாற்றியதால் சொல் மட்டுமா மாறிற்று? தலைநிமிர்வும் உடன் வந்தது. அதே உரைகல்லில் வேறு சில சொற்களையும் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

கொடியவன் ஒருவன் பெண்ணுக்கு இழைக்கும் வன்செயலைக் 'கற்பழிப்பு' என்று செய்தித்தாள்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. குற்றம் செய்தவன் அவன். அழிந்தது இவளது கற்பு! எழுத்தெல்லாம் தமிழே, ஆயினும் எத்துணைக் கொடிய சொல்! பெண்கள் தொடர்ந்து சொல்லாடியதன் பயனாகவே 'வன்புணர்வு', 'பாலியல் வன்கொடுமை' என்னும் சொற்கள் அதன் இடத்தைப் பெற்று வருகின்றன. குற்றம் குற்றவாளியின் தலைக்கே சென்றது. இது பெண்கள் தமிழுக்குச் செய்த சொல்லாக்கப் பணியன்றோ?

தொல்காப்பியம் கணவனை இழந்தவள் நிலைக்குத் 'தாபத நிலை' என்றும், மனைவியை இழந்தவன் நிலைக்குத் 'தபுதார நிலை' என்றும் இரண்டிற்கும் துறை வகுத்தது. ஆனால் ஊர் எதனை வைத்துக்கொண்டது? மனைவியை இழந்தவனைச் சுட்டும் சொல் ஏட்டிலேயே உறங்க, கணவனை இழந்தவளை இழித்துரைக்கும் சொற்களோ தெருவெல்லாம் உலவுகின்றன.

வாய்ச்சண்டையில் வீசப்படும் வசைச்சொற்களை எண்ணிப் பார்க்க. ஆண்கள் இருவர் சண்டையிட்டால் இழிவுபடுவது அவர்தம் தாயும் உடன்பிறந்தாளும். பெண் ஒருத்தி தன் உரிமையைப் பேசினால், அவள் கருத்துக்கு விடை கூறாமல் அவள் ஒழுக்கத்தைத் தூற்றும் சொல்லே முதலில் பாய்கின்றது. சட்டம் அடைக்காத வாயை இவ்வசைச்சொல் அடைக்கின்றது. சிறைக்கு அஞ்சாதவளும் குடும்பத்தின் முகவாட்டத்திற்கு அஞ்சி எழுதுகோலைக் கீழே வைக்கின்றாள். வடமொழியிலிருந்து வந்த சொல்லைக் கண்டால் முகஞ்சுளிக்கும் தமிழன்பர், தாயைப் பழிக்கும் சொல் தூய தமிழில் வந்தால் பொறுத்துக்கொள்வரோ? பொறுப்பராயின், அவர் காத்தது மொழியின் தோலையன்றி உயிரையன்று.

முன்னும் பின்னும் இல்லை

"முதலில் இனவிடுதலை, பெண்விடுதலையைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பார் உளர். 1938-இல் நீலாம்பிகையம்மையார் தலைமை ஏற்ற மாநாடு அப்படிக் காத்திருக்கவில்லை. மொழியுரிமையும் பெண்ணுரிமையும் ஒரே மேடையில் ஒரே மூச்சில் பேசப்பட்டமையாலேயே, வீட்டை விட்டு வெளிவராதவளும் கைக்குழந்தையோடு சிறைக்கு வந்தாள். 1940 பிப்பிரவரியில் கட்டாய இந்தி திரும்பப் பெறப்பட்டது. பெண்கள் வந்ததால் போராட்டம் வலுப்பெற்றதேயன்றி, நலிவுறவில்லை.

ஆகவே தமிழமைப்புகள் செய்யவேண்டுவன சில உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் பெண்கள் பேசுக. வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் மட்டுமன்றித் தலைமையுரைக்கும் அவர் அழைக்கப்படுக. ஒவ்வோர் இதழிலும் பெண்களின் எழுத்து, ஆசிரியர்க்கு உடன்பாடில்லாத கருத்தாயினும், சிதைக்கப்படாமல் வெளிவருக. கருத்துக்கு மறுப்பு கருத்தாகவே இருக்க. காவல்நிலையத்தை நாடுவதும் கல்லெடுப்பதும் ஒழிக. பேசிய பெண்ணை ஒருவன் இழிசொல் கூறித் தாக்கினால், அவளுக்கு முன்னே இயக்கத்தார் எழுந்து அவனைத் தடுக்க.

பல்லாவரத்தில் ஒரு தந்தை தம் மகளைப் பேச விட்டார். ஓர் இயக்கம் பிறந்தது. இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மகள் ஏதோவொன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றாள். அவளை அதட்டி உள்ளே அனுப்புவதா, அமரச் செய்து கேட்பதா என்பதே இற்றைத் தமிழினத்தின் முன் நிற்கும் வினா. அவள் பேசட்டும்! அவள் பேசுவது தமிழன்றோ!