மலை மாறினா படமும் மாறணும்



2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நம்ம குரங்கணி மலையில் தீப்பிடித்து, மலையேற வந்த 23 பேர் இறந்து போனார்கள். மகளிர் தினத்தை ஒட்டி வந்த பெண்களும் அதில் உண்டு. காப்பாற்ற முதலில் ஏறிப் போனது உள்ளூர் ஆட்கள்தான்.

தீ சமதரையைவிட மேட்டைப் பார்த்து வேகமாக ஓடும். கீழே எரியும் சூடு மேலே நிற்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு வழி இருக்கு. அதுக்குப் பேர் ஜி.ஐ.எஸ்., புவியியல் தகவல் முறை.

பள்ளிக்கூடத்தில் பட்டர் பேப்பர் வைத்து மேப் வரைந்தோமே, அது மாதிரிதான். ஒரு தாளில் சரிவு, ஒரு தாளில் காடும் புல்லும், ஒன்றில் ஓடை, ஒன்றில் பாதை, ஒன்றில் காற்று. எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பிறகு மலையைப் புள்ளிக்கோலம் மாதிரி சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, இந்தக் கட்டம் எரிந்தால் சுற்றி இருக்கிற எட்டுக் கட்டத்தில் அடுத்து எது பற்றும், எத்தனை நிமிஷத்தில் பற்றும் என்று பார்ப்பார்கள்.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் பார்த்த தீயைச் செல்போனுக்குச் செய்தியாக அனுப்புது. பொதுமக்களும் நம்பரைப் பதிவு செய்யலாம். அந்தச் செயற்கைக்கோள் ஒரு நாளைக்குச் சில தடவைதான் நம்ம மலையைக் கடக்கும். நடுவில் பிடிக்கிற தீ அதுக்குத் தெரியாது. போன வாரம் பச்சையாக இருந்த புல் இந்த வாரம் சருகாகிப் போனது, விறகுக்கும் வேலைக்கும் மேலே போற நமக்குத்தானே முதலில் தெரியும்?

மழைக்கும் இதே கதைதான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனாங்க. தோட்டத்தில் வேலை பார்த்த தமிழ் ஜனங்கதான் அதிகம். சேதி வெளியே வந்தது மறுநாள் காலையில். போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. விடியக்காலம் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து அதில் ஏறுவது யாரு? நாமதான்.

அதனால நான் கேட்பது மூணே விஷயம். ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு பேர் தீ எச்சரிக்கைக்கு நம்பர் பதியணும். கோலமாவில் ஊர் வரைபடம் போட்டோமே, அதே மாதிரி மாசி மாசக் கூட்டத்தில் மலைப்படம் போடணும்: எந்தச் சரிவு காய்ஞ்சிருக்கு, எங்கே தண்ணி நிக்குது, எந்த வழியில் இறங்கித் தப்பலாம். மழைக்காலத்தில் புது வெடிப்பு தெரிந்தாலோ, ஊற்றுத் தண்ணி திடீர்னு கலங்கி வந்தாலோ அதையும் குறிக்கணும். படத்தை நகல் எடுத்து வனத்துறைக்கும் ஊராட்சிக்கும் கொடுக்கணும்.

கடன் கணக்கை மாசாமாசம் எழுதுறோம். மலையோட கணக்கையும் எழுதுவோம். இதை இன்னிக்கே தீர்மானப் புத்தகத்தில் ஏற்றணும்னு கேட்டு முடிக்கிறேன்.