எழுதுகிறவருக்கும் ஓர் உரைகல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டிலிருந்தபடியே எழுதிச் சம்பாதிக்க விரும்புகிறவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், கடைகளின் இணையதளத்துக்கான குறிப்பு என்று வேலை பலவிதம். எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "சார், அனுபவம் உண்டா என்று கேட்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?"

நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானதுதான். முதன்முதலாகக் கடன் கேட்டு வருகிறவரிடம் பழைய கணக்கு எதுவும் இருக்காது. இருந்தாலும் நகைக்கடன் கிடைத்துவிடும். மதிப்பீட்டாளர் நகையை உரசிப் பார்க்கிறார், அவ்வளவுதான். எழுத்தும் அப்படியே. உரசிப் பார்க்க நாலைந்து மாதிரிகள் கையில் வேண்டும். அந்தத் தொகுப்பைத்தான் போர்ட்ஃபோலியோ என்கிறார்கள்.

யாரும் கேட்காமலேயே மாதிரிகளை நீங்களே எழுதலாம். எந்த வேலை வேண்டுமோ, அந்த வகையில் எழுதுங்கள். மளிகைக் கடையின் விளம்பர வேலை வேண்டுமென்றால் கவிதையைக் காட்டிப் பயனில்லை. "ஓய்வூதியர்கள் நவம்பரில் தரவேண்டிய வாழ்நாள் சான்றிதழைக் கைப்பேசியிலேயே கொடுப்பது எப்படி?" என்று ஒரு பக்கம் எழுதி, பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கொடுங்கள். அவர் யாரையும் கேட்காமல் செய்து முடித்தால் அது நல்ல மாதிரி.

ஒவ்வொரு மாதிரியின் மேலும் இரண்டு வரி சேருங்கள்: யாருக்காக எழுதியது, எதற்காக எழுதியது. பயிற்சிக்காக எழுதியதைப் பயிற்சி என்றே குறிப்பிடுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அனுப்பினால் எதிராளியின் கைப்பேசியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அச்சில் வந்ததைத் தேதி தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். இணையத்தில் வந்ததைப் பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். இணையதளங்கள் சொல்லாமல் மூடப்படுவதுண்டு.

இனி, எச்சரிக்கை. "பதிவுக் கட்டணம் செலுத்தினால் எழுத்து வேலை தருகிறோம்" என்றால் விலகிவிடுங்கள். வேலை கொடுப்பவர்தான் பணம் தரவேண்டும்.

இன்னொன்று, எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஒரு நிறுவனம் என் மருமகளிடம் தேர்வுக்காக என்று 6 கட்டுரைகள் வாங்கியது. பிறகு பதிலே இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்தக் கட்டுரைகள் அவர்களுடைய தளத்தில், அவள் பெயர் இல்லாமல் வந்திருந்தன. தொகுப்பு கையில் இருந்தால் "இதைப் பாருங்கள், புதிதாக வேண்டுமென்றால் கட்டணம் உண்டு" என்று தைரியமாகச் சொல்லலாம்.

சட்டமும் துணை இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக எழுதுகிறவரே பொதுவாகத் தம் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தர, கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். "இதை என் தொகுப்பில் காட்டிக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிறர் பெயரில் வெளியாக எழுதிக் கொடுத்ததை அவர்கள் அனுமதியில்லாமல் காட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. அடுத்த இதழில் புதியவர்களுக்கென 2 பக்கம் ஒதுக்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். 300 சொற்களுக்குள், நம் குடியிருப்புக்குப் பயன்படும் எதையாவது எழுதிக் கொடுங்கள். சன்மானம் கிடையாது, ஆனால் உங்கள் பெயரோடு வரும், உரிமையும் உங்களுடையதே. தொகுப்பின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.