பென்சிலும் பெருமதிலும்



படிப்பகத்து ஆண்டு விழாவிலே பேச வேண்டும் என்றார்கள். ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அழைக்க வந்த நண்பர் சற்றே தயங்கி, "அது வெகு தொலைவாயிற்றே!" என்றார். தொலைவுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு பென்சிலின் கதை. பென்சில் இல்லாத வீடு உண்டோ? அன்று மேடையிலே சொன்னதை, வர இயலாத தோழர்களுக்காக இன்று ஏட்டிலே எழுதுகிறேன்.

1871ஆம் ஆண்டு. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி. லிம்போபோ ஆற்றுக்கும் சாம்பசி ஆற்றுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலம். கார்ல் மௌக் என்னும் ஜெர்மானியர் முட்புதரை விலக்கி, கொடிகளை வெட்டி, முன்னேறுகிறார். எதிரே எழுந்து நிற்கிறது ஒரு மதில்! சில இடங்களில் 11 மீட்டர் உயரம். அடியிலே 5 மீட்டர் வரை அகலம். சுற்றளவோ ஏறத்தாழ 250 மீட்டர். கருங்கல்லின் மேல் கருங்கல், வரிசையின் மேல் வரிசை. சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. கல்லைக் கல் தாங்கி நிற்கிறது, நூற்றாண்டுக் கணக்காக! உள்ளே, கூம்பு வடிவிலே ஒரு கோபுரம். அதற்குக் கதவும் இல்லை, உள்ளறையும் இல்லை. அடி முதல் நுனி வரை கல்லே நிரம்பிய கோபுரம். அருகே குன்று, குன்றின் உச்சியிலும் மதில்கள்.

கண்டவர் வியந்தார். வியந்ததிலே தவறில்லை. வியந்தபின் என்ன செய்தார் என்பதிலேதான் கதை இருக்கிறது.

வாயிலின் மேற்கட்டையிலிருந்து ஒரு சிராய் மரத்தை வெட்டி எடுத்தார். தம் பையிலிருந்த பென்சிலை எடுத்தார். இரண்டையும் ஒப்பிட்டு முகர்ந்து பார்த்தார். நிறம் ஒன்று, மணம் ஒன்று என்று கண்டார். ஆராய்ச்சி முடிந்தது! பென்சில் செய்வது தேவதாரு மரத்தால். ஆகவே இக்கட்டையும் தேவதாரு. தேவதாரு வளர்வது லெபனானில்; ஆகவே இதைக் கொண்டுவந்தவர்கள் பினீசியர்கள். பினீசியரிடம் தேவதாரு வாங்கியவன் சாலமோன் மன்னன். சாலமோனைக் காண வந்தவள் சேபா நாட்டு அரசி. ஆகவே, தோழர்களே, ஆப்பிரிக்கக் காட்டின் நடுவே நிற்கும் இந்த மாளிகை சேபா அரசியின் மாளிகை!

நான் நாடகம் எழுதுகிறவன். இப்படி ஒரு காட்சியை எழுதிக் கொடுத்தால், கொட்டகைக்காரர், "கொஞ்சம் நம்பும்படியாக எழுதப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். உலகமோ நம்பியது. அந்தக் கட்டை அந்த மண்ணிலேயே வளரும் மரம் என்று பின்னாளில் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? பென்சில் முந்திக்கொண்டது, உண்மை பிந்திவிட்டது.

மதிலைக் கட்டியவர் யார்? தொலைவு போய்த் தேட வேண்டிய கேள்வியே அல்ல. மதிலைச் சுற்றிலும் குடிசை போட்டு, மாடு மேய்த்து, தினை விளைத்து வாழ்ந்திருந்தார்களே ஷோனா மக்கள், அவர்தம் முன்னோர் கட்டியது. 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை, தலைமுறை தலைமுறையாகக் கட்டினர். கல்வீடு என்று பொருள்படும் அவர்கள் மொழிச் சொல்லே ஜிம்பாப்வே. அந்த வட்டாரத்துக் கருங்கற்பாறைக்கு ஓர் இயல்பு உண்டு: வெயிலிலும் குளிரிலும், வெங்காயத் தோல் உரிவதுபோல, தகடு தகடாகப் பிளந்துகொண்டு வரும். நெருப்பு மூட்டிச் சூடேற்றி, நீர் ஊற்றிக் குளிரவைத்தால் இன்னும் விரைவில் பிளக்கும். அத்தகடுகளை உடைத்துச் செங்கல் போல் ஆக்கி அடுக்கினர். பெரிய சுற்றுமதிலுக்கு மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் கற்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வெறும் கல் அடுக்கிய கூட்டமா அது? அல்ல! மேட்டுநிலத்துத் தங்கம் கீழ்க்கரைக்குப் போயிற்று. சொஃபாலா துறையிலே கப்பலேறிக் கில்வா நகர் சென்று, அங்கிருந்து இந்துமாக்கடல் எங்கும் பரவியது. பதிலுக்கு வந்த பண்டங்களை இடிபாட்டிலே கண்டெடுத்தார்கள்: சீனத்துப் பச்சைப் பீங்கான், பாரசீகக் கிண்ணம், கில்வா சுல்தானின் நாணயம், இந்தியாவிலிருந்து சென்ற கண்ணாடி மணிகள். ஆம், நம் பக்கத்து மணியும் அந்தக் கழுத்துகளிலே ஆடியிருக்கிறது. 1531ஆம் ஆண்டிலேயே, சொஃபாலாவிலிருந்த போர்த்துகீசியத் தளபதி விசென்டே பெகாடோ இந்தக் கற்கோட்டையைப் பற்றி எழுதிவைத்தான், உள்ளூரார் அதற்கு வழங்கிய பெயரையும் சேர்த்து. மௌக் முகர்வதற்கு 340 ஆண்டுகளுக்கு முன்பே ஏட்டில் ஏறிய பெயர்!

இங்கே ஓர் எச்சரிக்கை. பெருமை பேசத் தொடங்கினால் நமக்கு நாக்கு நிற்காது. சொர்க்கமே இருந்தது என்று சொல்லி விடுவோம். அங்கே சொர்க்கம் இல்லை. அரசன் குன்றின் மேல் இருந்தான். மதிலுக்குள் வாழ்ந்தவர் சிலர். மதிலுக்கு வெளியே மண்குடிசையிலே நெருக்கியடித்து வாழ்ந்தவர் பலர். எல்லா நாட்டு அரண்மனைக்கும் உள்ள கணக்குத்தான் அங்கும். 15ஆம் நூற்றாண்டிலே நகரம் தளர்ந்தது. ஆட்சி வடக்கே முடாபாவுக்கும் மேற்கே காமிக்கும் நகர்ந்தது. வாழ்ந்தார்கள், வளர்ந்தார்கள், தேய்ந்தார்கள். மனிதர்கள் அல்லவா? அந்த ஒன்றைத்தான், மனிதர்கள் என்ற அந்த ஒன்றைத்தான், அவர்களுக்குக் கொடுக்க மறுத்தார்கள்.

ஏன் மறுத்தார்கள்? அறியாமையா? தொடக்கத்திலே அறியாமை, பிறகு, தோழர்களே, அது வியாபாரம்.

செசில் ரோட்ஸ் என்றொரு சீமான். வைரச் சுரங்கத்திலே கோடி குவித்தவன். 1888ஆம் ஆண்டு அவனுடைய ஆட்கள், என்டெபெலே மக்களின் மன்னன் லொபெங்குலாவிடம் ஒரு பத்திரம் நீட்டினார்கள். மாதம் 100 பவுன், 1,000 துப்பாக்கி, ஒரு லட்சம் தோட்டா, சாம்பசி ஆற்றிலே ஒரு பீரங்கிப் படகு. இவ்வளவும் தருவோம், மண்ணுக்கடியில் உள்ள கனிமம் எங்களுக்கு! மன்னனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் ஒரு பாதிரியார். பத்து வெள்ளையருக்கு மேல் தோண்ட வரமாட்டார்கள் என்று வாயால் சொன்ன வாக்குறுதி பத்திரத்தில் இல்லை! மன்னன் விழித்துக்கொண்டு, பத்திரம் செல்லாது என்று மறு ஆண்டே அறிவித்தான். அந்த மறு ஆண்டிலேதான் விக்டோரியா அரசி ரோட்ஸின் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினாள்.

1890இல் கம்பெனியின் படை ஷோனா நாட்டுக்குள் நுழைந்தது. நுழைந்த குடியேறிகளுக்கு ஆளுக்கு 3,000 ஏக்கர் நிலம் என்று வாக்கு. பத்திரத்திலே கனிமம்தானே இருந்தது, நிலம் எங்கிருந்து வந்தது? அதைக் கேட்க எவரும் இல்லை. கேட்டவர்களுக்கு 1893இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி பதில் சொன்னது. லொபெங்குலா வடக்கே ஓடினான், வழியிலேயே மாண்டான். 1896இல் இரு இன மக்களும் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியை அடக்கி, 1898இல் நெஹாண்டா என்னும் பெண்ணைத் தூக்கிலிட்டனர். முன்னோரின் ஆவி அவள் வாயால் பேசுகிறது என்று மக்கள் போற்றிய பெண் அவள். நாட்டுக்கோ, அதற்கு முன்பே, ரொடீசியா என்று சீமானின் பெயரைச் சூட்டியாகிவிட்டது.

இப்போது மதிலுக்குத் திரும்புவோம். நிலத்தைப் பறித்தாகிவிட்டது. ஆனால் நிலத்தின் நடுவே ஒரு மதில் நிற்கிறது. "எங்கள் பாட்டன் இங்கே அரசாண்டான்" என்று வாயில்லாமல் சாட்சி சொல்கிறது! சாட்சியை என்ன செய்வது? இடிக்கலாம், அது முரட்டுத்தனம். சாட்சியின் தகப்பன் பெயரை மாற்றிவிட்டால்? கட்டியவர் கருப்பர் அல்லர், கடல் கடந்து வந்த வெள்ளை நிறத்தார் என்றால், பறித்தவன் திருடன் ஆகமாட்டான். பாட்டன் சொத்தைக் கேட்டு வந்த பேரன் ஆகிவிடுவான்!

1891இல் கம்பெனியின் ஆதரவோடு தியோடோர் பெண்ட் தோண்ட வந்தார். அரபியரோ பினீசியரோ கட்டியது என்று மறு ஆண்டு புத்தகம் எழுதினார். 1895இல், தோழர்களே, இடிபாடுகளைத் தோண்டித் தங்கம் எடுப்பதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள்! பழைய கல்லறைகளிலே கிடந்த தங்க நகைகளை எடுத்துப் போனார்கள். 1902இல் ரிச்சர்ட் ஹால் என்பவரைக் காப்பாளராக அமர்த்தினார்கள். காப்பாளர் என்ன செய்தார்? மேலே கிடப்பது கருப்பர் குடியிருந்த குப்பை, அடியிலேதான் உயர்ந்த இனத்தாரின் தடயம் என்று சொல்லி, பல அடி ஆழத்து மண்ணை வாரி வெளியே கொட்டினார். அந்தக் குப்பைதான் வரலாறு! ஷோனா மக்களின் பானை ஓடும் அடுப்புச் சாம்பலும் அதிலேதான் இருந்தன. கொட்டிய மண்ணை எவராலும் திரும்ப அடுக்க முடியவில்லை.

எல்லா வெள்ளையரும் பொய்யுரைத்தனர் என்று சொன்னால் நான் பொய்யன் ஆவேன். 1905இல் ராண்டால் மாகைவர் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஆராய்ந்து, இது இடைக்காலத்து ஆப்பிரிக்கர் கட்டியது என்றார். குடியேறிகள் கொதித்தனர். கால் நூற்றாண்டு கழித்து, 1929இல், கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்னும் பெண்மணி வந்தார், துணைக்கு இரு பெண்களோடு. ஹாலின் மண்வெட்டி படாத இடமாகத் தேடி, ஒரு மதிலின் அடியிலேயே தோண்டினார். அடியில் கிடந்தது என்ன? அதே ஆப்பிரிக்கப் பானை ஓடு! மதிலுக்கு அடியிலே இருந்தால், மதில் எழும்போதே அந்தப் பானையில் சமைத்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்றுதானே பொருள்? ஐயத்துக்கு இடமின்றி ஆப்பிரிக்கருடையதே என்று அறிஞர் பேரவையிலே எடுத்துரைத்தார். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். எனக்குக்கூட விளங்குகிறது இந்த வாதம்.

1929இல் உண்மை வெளிப்பட்டது. 1930இல் ரொடீசிய அரசு ஒரு சட்டம் செய்தது, நிலப் பகிர்வுச் சட்டம். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லாத வெள்ளையருக்கு, நாட்டு நிலத்தில் ஏறத்தாழப் பாதி! மழை பெய்யும் நல்ல நிலம் பெரும்பாலும் அந்தப் பாதியிலே. உண்மைக்கும் சட்டத்துக்கும் இடையே ஓராண்டுதான் இடைவெளி; உண்மை சட்டத்தைத் தொடக்கூட இல்லை.

பொய் அதோடு ஓய்ந்ததா? விடுதலை கேட்டு எழுந்த இளைஞர்கள், 1960களிலே, தம் நாட்டுக்கு வைத்த பெயர் எது தெரியுமா? ஜிம்பாப்வே! கல்வீட்டின் பெயரையே கட்சிக்கும் வைத்தார்கள், நாளைய நாட்டுக்கும் வைத்தார்கள். கல்லுக்கு உயிர் வந்துவிட்டது. 1965இல், பெரும்பான்மையினரிடம் ஆட்சி போய்விடக் கூடாதென்று தன்னிச்சையாக விடுதலை அறிவித்துக்கொண்ட இயான் ஸ்மித்தின் வெள்ளையர் அரசுக்கு அந்தக் கல்லைக் கண்டாலே கலக்கம். வழிகாட்டி நூலிலே ஆப்பிரிக்கர் கட்டியது என்று திட்டமாக எழுதக் கூடாதென நெருக்கினார்கள். தொல்சின்னங்களின் ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக், பொய்க்கு உடன்பட மறுத்து, 1970இல் பதவியை விட்டு நாட்டையும் விட்டு வெளியேறினார். ஒரு மதிலைக் கட்டியவர் யார் என்று உள்ளபடி சொன்னதற்கு இந்தப் பரிசு!

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், ஜிம்பாப்வே பிறந்தது. இடிபாட்டிலே கிடைத்த கற்பறவை கொடியில் ஏறியது. பறவைகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாவுக்கல்லிலே செதுக்கிய பறவைகள் எட்டு. அவற்றில் ஒன்றை 1889இல் ஒருவன் பெயர்த்தெடுத்து விற்க, அது ரோட்ஸின் கேப்டவுன் மாளிகைக்குப் போயிற்று. வேறு சிலவும் தென்னாப்பிரிக்காவிலே சிக்கியிருந்தன. 1981இல் அவற்றை மீட்கப் புதிய அரசு என்ன கொடுத்தது தெரியுமா? அருங்காட்சியகத்தில் இருந்த தேனீ, குளவி, எறும்புகளின் தொகுதியை! பாட்டன் செதுக்கிய பறவைக்குப் பேரன் எறும்பை ஈடு வைக்க வேண்டியிருந்தது. மற்றொரு பறவையின் அடிப்பாகம் பெர்லினுக்குப் போய், போரிலே ருஷ்யப் படையோடு லெனின்கிராடுக்குப் போய், மீண்டும் ஜெர்மனிக்கு வந்து, 2003இல்தான் ஊர் திரும்பியது.

பறவை திரும்பியது; நிலம்? விடுதலைக்கு முன் 1979இல் லண்டனிலே ஒப்பந்தம். விற்க விரும்புகிறவனிடம் மட்டும், விலை கொடுத்துத்தான் நிலம் வாங்கலாம், பத்தாண்டுக் காலம் அதை மாற்றக் கூடாது என்று கையைக் கட்டினார்கள். கட்டிய கை அவிழ்ந்தபின், 2000ஆம் ஆண்டு முதல் முகாபே அரசு பண்ணைகளை வலிந்து எடுத்தது. நானோ நீங்களோ கைதட்டிவிட முடியாதபடி எடுத்தது. ஏழை உழவர் பலருக்கு நிலம் கிடைத்தது உண்மை. ஆளுங்கட்சிப் பெரும்புள்ளிகள் நல்ல பண்ணைகளைத் தமக்கென்று வளைத்துக்கொண்டதும் உண்மை. பண்ணைக் கூலிகள் துரத்தப்பட்டனர், விளைச்சல் விழுந்தது, 2008இல் பணம் காகிதமாயிற்று. வெள்ளையன் விட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்தவர்க்கு அந்த நாற்காலியின் பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. அதை மறைத்து ஆப்பிரிக்காவைப் புகழ்வது, மௌக்கின் பென்சிலைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

2020ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலே ஜிம்பாப்வே அரசு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. பண்ணையை இழந்த வெள்ளையருக்கு 350 கோடி டாலர் ஈடு தருவதாக ஒப்புக்கொண்டது. மண்ணுக்கு அல்ல, மண்ணின் மேல் அவர்கள் எழுப்பிய கட்டடத்துக்கும் அணைக்கும் கிணற்றுக்கும்! அவ்வளவு பணம் கருவூலத்தில் இல்லாததால், கடன் வாங்கித் தருவதாக ஏற்பாடு. லொபெங்குலாவுக்குப் பேசியது மாதம் 100 பவுன்.